இறக்கி வைத்த ஃபியட்

பெங்களூருக்குப் போய் வரும் வரை அருள்நாதனுக்குத் தன் காரின் மேல் ஒரு குறையும் இருந்ததில்லை. சாம்பல் நிற ஃபியட். சேலத்து டாக்டர் ஒருவர் ஐந்தாறு வருஷம் ஓட்டிவிட்டுக் கைமாற்றியது. அரூரில் பம்புசெட்டுக் கடை வைத்திருப்பவருக்கு அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளே பெரிய விஷயம். அருள்நாதன் கார் வைத்திருந்தார். காலையில் கிளம்பினால் கம்பைநல்லூர், கடத்தூர் என்று கிணறு கிணறாகப் போவார். புது மோட்டாரை டிக்கியிலிருந்து இறக்குவார். சுருள் எரிந்துபோன பழைய மோட்டாரை அதே டிக்கியில் ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் போய்ப் புதுச் சுருள் கட்டக் கொடுத்துவிட்டு வருவார். வண்டி மேடு பள்ளம் பார்க்காமல் ஓடியது. ஓடை வந்தால் ஓடையில் இறங்கி ஏறியது.

அறுபத்தாறாம் வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் மச்சினன் மரியசூசை அவரைப் பெங்களூருக்கு அழைத்தான். ரோசம்மாவின் தம்பி. அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஊருக்கு வெளியே ஒரு பழைய விமானத் திடலில் கார் பந்தயம் நடக்கிறது என்று மாமாவைக் கூட்டிப் போனான். அங்கே அருள்நாதன் தன்னுடைய காரையே பார்த்தார். அதே ஃபியட், அதே மூஞ்சி. ஆனால் வயிறு தரையைத் தொட்டும் தொடாமலும், சக்கரத்தின் மேல்பாதி உடம்புக்குள் மறைந்து, பாயப் போகும் பூனை மாதிரிப் பதுங்கி நின்றது. வளைவில் திரும்பும்போது மற்ற கார்கள் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்தன. அது சாயவில்லை. கோடு கிழித்த மாதிரித் திரும்பியது.

"ஸ்பிரிங்க மாத்தினாப் போதும் மாமா," என்றான் மரியசூசை. "குட்டை ஸ்பிரிங். நம்ம ஆளு ஒருத்தன் பட்டறையில செஞ்சி விக்கிறான். ரோட்ட அப்பிக்கிட்டுப் போவும்."

பந்தயம் முடிந்து வெளியே வந்து தன் வண்டியைப் பார்த்தபோது அருள்நாதனுக்குச் சங்கடமாகிவிட்டது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டப் போகிறவள் மாதிரி அது நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு நாளாக இதில் உட்கார்ந்துதான் ஊரெல்லாம் போய் வந்தோமா என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் ஊர் திரும்பும்போது டிக்கியில் சாக்கில் சுற்றிய குட்டை ஸ்பிரிங்குகள் இரண்டும், பின்பக்கத்துக்கு வளைவு தட்டிக் குறைத்த ஸ்பிரிங் பட்டைகளும் வந்தன.

அரூரில் பச்சியப்பன் பட்டறையில்தான் மாற்றினார்கள். பச்சியப்பன் லாரி மெக்கானிக். குட்டை ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாதியில நிறுத்திட்டானுங்களா?" என்று கேட்டான். அருள்நாதன் விளக்கினார். தரையோடு ஒட்டிப் போகும், வளைவில் சாயாது, பெங்களூரில் எல்லோரும் இப்போது இப்படித்தான். பச்சியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காசு கொடுப்பவர் சொல்வது எதற்கும் தலையாட்டுவது அவன் வழக்கம். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அதைக் கயிற்றால் கட்டிப் பிடித்திருந்தார்கள். கயிறு அறுந்தது. அழுத்தி வைத்திருந்த சுருள் ஒரு துள்ளுத் துள்ளி, தெருவைத் தாண்டி, எதிர் டீக்கடையின் சாக்குப் பந்தலைக் கிழித்துக்கொண்டு போய்ப் பாய்லருக்குப் பக்கத்தில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. டீக்கடைக்காரர் மட்டும் இரண்டு நாள் பச்சியப்பனுக்கு டீ தரவில்லை.

சாயங்காலம் ஜாக்கியை இறக்கினார்கள். வண்டி இறங்கியது. வழக்கமாக நிற்கும் உயரத்தில் நிற்காமல் இன்னும் இறங்கியது. பச்சியப்பன் ஒரு கணம் பயந்து ஜாக்கியைத் திரும்பப் பிடித்தான். பிறகு எல்லோரும் விலகி நின்று பார்த்தார்கள். அருள்நாதன் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். இருக்கிறது, பெங்களூரில் பார்த்தது அப்படியே இருக்கிறது.

அன்றைக்குச் சேலம் ரோட்டில் வண்டியை விட்டுப் பார்த்தார். புளியமரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட வளைவு உண்டு. இத்தனை வருஷமும் அங்கே பிரேக்கில் காலை வைத்துத்தான் திரும்புவார். அன்று வைக்கவில்லை. வண்டி ஒரு நூல் சாயாமல், அவர் கைக்குள்ளேயே இருப்பதுபோல் திரும்பியது. முப்பத்தெட்டு வயதில், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா, கோயில் கமிட்டி மெம்பர், அருள்நாதன் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே வளைவை இன்னொரு தரம் சுற்றினார். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

கேட்டதெல்லாம் வேறு.

"என்னாங்க, ஸ்பிரிங் ஒடஞ்சி போச்சிங்களா?"

கடைக்கு வருகிறவர், கோயிலில் பக்கத்தில் முட்டி போடுகிறவர், பெட்ரோல் போடுகிறவர், எல்லோரும் அதையே கேட்டார்கள். முதலில் அவர் விளக்கமாகச் சொன்னார். "ஒடையலீங்க. வேணும்னே எறக்கினது." இதைச் சொன்னதும், அதுவரை அவர்கள் முகத்தில் இல்லாத ஒரு பரிதாபம் வந்தது. ஸ்பிரிங் உடைந்த மனிதனுக்கு உதவி செய்யலாம். வேண்டுமென்றே இறக்கிய மனிதனுக்கு என்ன செய்வது? கொஞ்ச நாளில் அருள்நாதன் விளக்குவதை விட்டுவிட்டார். "ஆமாங்க, ஒடஞ்சிடுச்சி. மாத்தணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோசம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கொஞ்சம் பருத்த உடம்பு. "ஏறும்போது கெணத்துல எறங்குற மாதிரி இருக்குது. எறங்கும்போது கெணத்துல இருந்து ஏறுற மாதிரி இருக்குது," என்றாள். கோயில் வாசலில் நாலு பேர் பார்க்க இரண்டு கையையும் கதவில் ஊன்றி எழுந்திருக்க வேண்டியிருப்பதை அவள் அவமானமாக நினைத்தாள்.

"பழகிடும் ரோசம்மா. பெங்களூர்ல பொம்பளைங்க எல்லாம் இப்புடித்தான் எறங்குறாங்க."

"அவங்க எறங்கட்டும். எனக்கு முட்டி வலிக்குது."

இன்னொரு சிக்கலும் இருந்தது. டிக்கியில் ஒரு மோட்டாரை வைத்தால் பின்சக்கரம் உடம்பில் உரசியது. ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது. ஆகவே மோட்டார்களைப் பஸ்ஸின் மேலே ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார். பஸ் முன்னால் போகும். மோட்டாரை ஊர் வந்ததும் இறக்கி வாங்க வேண்டுமே, அதனால் அருள்நாதன் வெறும் காரோடு அதன் பின்னாலேயே தூசியைத் தின்றுகொண்டு போவார். கண்டக்டர்களுக்கு இது வேடிக்கையாகப் போய்விட்டது. ஏறச் சொல்லி அவருக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார்.

தை மாசம் கடத்தூர் ரோட்டில் கொள்ளுச் செடியைக் காய வைத்திருந்தார்கள். அறுத்த கொடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரம் மிதித்துக் கொடுத்துவிடும். எல்லா வண்டியும் அதன் மேல் ஏறிப் போயிற்று. அருள்நாதனின் வண்டி ஏறிப் போகவில்லை, வாரிக்கொண்டு போனது. வயிற்றின் அடியில் கொடி திரண்டு சுற்றி, சைலன்ஸரில் பட்டு, ஒரு பர்லாங்கில் புகைய ஆரம்பித்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவர் குதித்து இறங்கியபோது, தலையில் குடத்தோடு வந்த சென்னம்மாள் என்ற கிழவி குடத்துத் தண்ணீரை அப்படியே வண்டிக்கு அடியில் வீசினாள். கொள்ளுக்கு உரியவர் பின்னாலேயே ஓடி வந்து, தன்னுடைய கொடியைச் சைலன்ஸரிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி எடுத்தார்.

"சும்மாவா எடுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அருள்நாதன் மனம் மாறவில்லை. சேலம் போகும் வழியில் அந்த வளைவு இருந்ததே.

ஆனால் அதே வழியில் செக்போஸ்ட்டும் இருந்தது.

அரிசிக்குப் பஞ்சமான காலம். ரேஷனில் போடுகிற அரிசியை அடுப்பில் வைத்தால் தெருவே மூக்கைப் பிடித்தது. ஒரு ஜில்லாவின் அரிசி இன்னொரு ஜில்லாவுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. கணவாய்க்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி வைத்து, ஒரு கூரைக் கொட்டகையில் ஏட்டு முனியப்பனும் நாலு போலீஸ்காரர்களும் இருந்தார்கள். இருட்டிலும் பகலிலும் அரிசி கடத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. பின்பக்கம் தாழ்ந்து வருகிற காரில் அரிசி இருக்கும்.

அருள்நாதனின் கார் நாலு பக்கமும் தாழ்ந்து வந்தது.

"பின்னால என்னா லோடு?" என்றார் ஏட்டு.

"ஒண்ணும் இல்லீங்க."

டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி சக்கரமும் ஒரு பழைய துண்டும் இருந்தன. ஏட்டுவின் முகம் இருண்டது. அரிசி இருந்தால் பிடித்துக் கேஸ் போடலாம். அரிசி இல்லாமலேயே இவ்வளவு தாழ்ந்து வருகிறது என்றால் இவன் பெரிய கை.

"வெறும் வண்டி எதுக்குய்யா உக்காந்திருக்குது?"

"எறக்கி வெச்சிருக்கேங்க. ரோட்ட அப்பிக்கிட்டுப் போவும்."

"ரோட்ட எதுக்கு அப்பணும்?"

இதற்கு அருள்நாதனிடம் பதில் இருந்தது. ஏட்டுவுக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. சீட்டைக் கழற்றினார்கள். கதவின் உள்தகட்டைக் கழற்றினார்கள். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் வண்டிக்கு அடியில் நுழையப் பார்த்து, இடம் போதாமல் வயிறு மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அன்று மட்டுமல்ல, அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும். வாரத்தில் மூன்று நாலு தரம் சேலம் போகிறவர் அருள்நாதன். ஒவ்வொரு தரமும் புளியமரத்து நிழலில் தன் பின்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூங்கிலுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு சின்னப் பாலம் கட்டியிருந்தார்கள். ரோட்டைவிட ஒரு முழம் உயரமாகக் கட்டிவிட்டு, பிறகு ரோட்டை உயர்த்த மறந்துபோயிருந்தார்கள். சோதனை முடிந்து கிளம்பினால் ஃபியட் அந்த மேட்டில் வயிறு தட்டி நின்றுவிடும், முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம். சோதனை போட்ட அதே போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து பின்னால் தூக்கித் தள்ளிவிடுவார்கள். இப்படிச் சோதனை போடுவதும் தூக்கிவிடுவதுமாக இரண்டு மாசம் போனதில் ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது. வண்டி தள்ளியவர்களுக்கு அருள்நாதன் பீடி வாங்கிக் கொடுத்தார். ஏட்டு முனியப்பன் மெதுவாக விஷயத்தைக் கேட்க ஆரம்பித்தார்.

அந்த ஜில்லாவிலேயே குட்டை ஸ்பிரிங் விஷயத்தை முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பச்சியப்பன் தலையாட்டினான், ரோசம்மா முட்டியைத் தடவினாள். ஏட்டு மட்டும் கேள்வி கேட்டார். வளைவில் எடை எந்தப் பக்கம் போகும், சக்கரம் ஏன் உள்பக்கம் சாய்ந்து நிற்கிறது, இதைப் பஸ்ஸுக்குப் போட முடியுமா. ஒரு நாள் அருள்நாதன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வளைவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஏட்டு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அடேங்கப்பா," என்றார்.

அதற்குப் பிறகு ஃபியட்டைச் சோதனை போடுவது நின்றுபோயிற்று. தூரத்தில் வரும்போதே மூங்கில் மேலே போகும். ஒரு தரம் ஜீப்பில் வந்து நின்றிருந்த இன்ஸ்பெக்டர், "ஏய், அந்த வண்டிய நிறுத்து. எப்புடித் தாழ்ந்து வருது பார்," என்றாராம். ஏட்டு சல்யூட் அடித்து, அது எறக்கி வைத்த காருங்கய்யா, பந்தய ஸ்பிரிங்கு, காலியா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், நான் பலதரம் குத்திப் பார்த்திருக்கேன், அந்த வண்டிக்கு நான் பொறுப்பு என்று அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டு போனார். இதை ஏட்டு சொன்ன அன்று அருள்நாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் வீட்டிலும் ஒரு நல்ல மாறுதல். ரோசம்மாவுக்கு அந்தக் கார் பிடிக்க ஆரம்பித்தது.

ரோசம்மாவின் அப்பா வியாகுலம் கணவாய்க்கு அந்தப் பக்கம், சேலம் ஜில்லாவில் இருந்தார். வயிற்றுக் கோளாறு. களி செரிக்காது, ரேஷன் அரிசி வாயிலேயே நிற்காது. அவரைப் பார்க்க ரோசம்மா எப்போதும் பஸ்ஸில்தான் போவாள். திடீரென்று, "என்னாங்க, உங்ககூட வண்டியிலயே வந்துடறேன்," என்றாள். அதுவும் முதலில் கம்பைநல்லூருக்கு வருவாள். அங்கே மாது என்று ஒரு விவசாயி. ஆற்றோரம் நெல் போடுகிறவர். அருள்நாதனிடம் மோட்டார் வாங்கியவர். வயசில் மூத்தவர். அருள்நாதன் கிணற்றில் இறங்கி மோட்டாரைப் பார்க்கும்போது ரோசம்மா வயல்காற்று வாங்கிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு இருவருமாகச் சேலம் ரோட்டில் போவார்கள். பின்சீட்டில்தான் உட்காருவாள். முன்னால் வா என்றால் வரமாட்டாள்.

"முட்டி வலிக்கலியா?" என்று கேட்டார் அருள்நாதன்.

"பழகிடுச்சி. நல்லாத்தான் இருக்குது."

ரசனை என்பது ஒரு நாளில் வருவதில்லை, கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லோருக்கும் வரும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தவக்காலம் முடிந்து மரியசூசைக்குக் கல்யாணம் வந்தது. வியாகுலத்தின் ஊர்க் கோயிலில் பூசையின்போது கல்யாண ஓலை வாசித்தாயிற்று. பெங்களூரிலிருந்து சிநேகிதர்கள் எல்லாம் வருவதாக எழுதியிருந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் குழந்தைகளை அருள்நாதனின் அப்பாவோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியும் காரில் கிளம்பினார்கள். போகும்போது மாது அண்ணன் மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறதாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரோசம்மாதான் நினைவுபடுத்தினாள். அருள்நாதன் கிணற்றில் இறங்கிப் பார்த்தார். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது.

"ஒண்ணும் சத்தம் இல்லியே, அண்ணா."

"இப்ப இல்ல தம்பி. நேத்து இருந்துச்சி," என்றார் மாது. "எதுக்கும் இன்னொரு தரம் நல்லாப் பாத்துடேன்."

பார்த்துவிட்டு மேலே வந்தபோது வண்டி நின்ற கோலத்தைக் கண்டு அருள்நாதன் வரப்பிலேயே நின்றுவிட்டார். சாயங்கால வெயிலில் அது இதுவரை இல்லாத அளவுக்குப் பதுங்கி இருந்தது. பின்பக்கம் கொஞ்சம் கூடவே. ஸ்பிரிங் இப்போதுதான் சரியாகப் படிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ரோசம்மா பின்சீட்டில், பட்டுச் சேலைப் பெட்டியும் படுக்கைச் சுருட்டும் காலடியில் கிடக்க, ஒரு ராணி மாதிரி உயரமாக உட்கார்ந்திருந்தாள்.

வளைவில் வண்டி தெய்வமாகத் திரும்பியது. "பாத்தியா?" என்றார். ரோசம்மா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூங்கில் தூரத்திலேயே உயர்ந்தது. ஏட்டு சல்யூட் வைத்தார். அருள்நாதனும் கையை உயர்த்திவிட்டுத் தாண்டினார். தாண்டிய மறு நிமிஷம் பாலத்து மேட்டில் வண்டி நின்றது. வழக்கமாக 'டக்' என்று தட்டும். இன்றைக்குத் தரையையே உழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கியது.

"எறங்கு ரோசம்மா. தள்ளிவுட்டுடுவாங்க."

"நான் எறங்கலை."

"ஏன்?"

"காலு மரத்துப் போச்சி."

எப்போதும் முதல் ஆளாக இறங்கிப் பாலத்தைத் திட்டுகிறவள். கல்யாணக் களைப்பு என்று விட்டுவிட்டார். ஏட்டுவும் போலீஸ்காரர்களும் பழக்கப்பட்டவர்கள்போல் வந்தார்கள். இரண்டு பேர் பின்பம்பரைப் பிடித்தார்கள். வண்டி அசையவில்லை. நாலு பேர் பிடித்தார்கள். மூச்சுத்தான் வாங்கியது.

"ஏட்டய்யா," என்றான் புதிதாக வந்திருந்த ஒரு போலீஸ்காரன். "போன வாரம் ரெண்டு பேரு தூக்கினோம். இன்னிக்கி நாலு பேருக்கும் நவுர மாட்டேங்குது."

அருள்நாதனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. முன்பம்பருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விளக்க ஆரம்பித்தார். வண்டியில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் இருக்கிறார்கள். ஆனால் இறக்கிய வண்டியில் எடை எல்லாம் கீழே போய்ச் சேர்ந்துவிடும். கீழே இருக்கிற எடையைத் தூக்குவது கஷ்டம். மேலே இருக்கிற எடை சுலபம். குடத்தைத் தலையில் வைத்தால் லேசாக இருக்கிறதே, அந்த மாதிரி. எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது பின்கதவுப் பக்கம் நடந்தது அவருக்குத் தெரியாது. ரோசம்மா பிறகு சொன்னதுதான். அம்மாவை இறங்கச் சொல்லலாம் என்று ஏட்டு ஜன்னல் பக்கம் குனிந்தார். குனிந்தவரின் கண் கால்மிதி மேல் நின்றது. படுக்கைச் சுருட்டின் ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் சிந்திக் கிடந்தது.

"என்னாம்மா இது?"

"அட்சதைங்க. கல்யாணத்துக்கு."

"மஞ்ச கலக்கலியே?"

"அங்க போயித்தாங்க கலக்கணும்."

ஏட்டு நிமிர்ந்து சீட்டைப் பார்த்தார். ரோசம்மா உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்தார். பிறகு கணவாய்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். அப்போது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று அருள்நாதன் பின்னால் பலநாள் யோசித்துப் பார்த்தார். அந்த வண்டிக்கு நான் பொறுப்பு என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னவர் அவர். இன்றைக்கு இதில் அரிசி கிடைத்தால், இத்தனை நாள் மூங்கிலைத் தூக்கிவிட்டது எதற்கு என்ற கேள்வி முதலில் அவரிடம்தான் வரும்.

"ஏட்டய்யா, சீட்டக் கழட்டிப் பாக்கலாமா?" என்றான் புதுப் போலீஸ்காரன்.

ஏட்டு அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஓர் அடி பின்னால் போனான். "மொதலாளி இவ்வளவு நேரம் என்னா சொன்னாரு? காதுல வுழுவலியா? எறக்கி வெச்ச வண்டி கனமாத்தான் இருக்கும். புடிடா அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்து தானே பம்பரைப் பிடித்தார். பஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். போலீஸும் பொதுஜனமுமாகச் சேர்ந்து தூக்கி, ஒரு பெரிய சத்தத்தோடு ஃபியட்டை ஜில்லாவின் அந்தப் பக்கம் சேர்த்தார்கள்.

"பத்தரமாப் போங்க மொதலாளி," என்றார் ஏட்டு. குரல் சரியாக இல்லை. மூச்சு வாங்குகிறது என்று அருள்நாதன் நினைத்துக்கொண்டார்.

கணவாய் இறங்குகிற வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். இப்படி ஒரு மனுஷன் போலீஸில் இருக்கிறாரே, எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறார், படித்திருந்தால் இன்ஜினியர் ஆகியிருப்பார். சமவெளி வந்ததும் ரோசம்மா ஜெபமாலையை மடித்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

வண்டி ஓரமாகப் போய் நின்றது. அருள்நாதன் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"என்னயப் புடிச்சி ஜெயில்ல வெச்சிருந்தா?"

"வெக்கல இல்ல. அதான் தாண்டி வந்துட்டோமே."

"சீட்டுக்கு அடியில பூராவுமா?"

"காலடியிலயும். கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு ரேஷன் அரிசியா போட முடியும்? எங்கப்பா மானம் போவாதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். குரல் தணிந்து வந்தது. "இது மொத தடவையா, ரோசம்மா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"போன மாசம் ஒரு நாளு... வளைவுல வண்டி அசையாமத் திரும்புச்சே. உங்கிட்டகூடச் சொன்னேனே."

"அன்னிக்கி ரெண்டு மூட்டை," என்றாள் ரோசம்மா. "அப்பாவுக்கு ஒண்ணு, அக்கம்பக்கத்துக்கு ஒண்ணு."

அரிசியைவிட அதுதான் அவரை வருத்தியது. கொஞ்ச காலமாக வண்டி சிறப்பாக ஓடிய நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் பின்சீட்டில் அவள் இருந்தாள்.

கல்யாண வீட்டு வாசலில் மரியசூசை சிநேகிதர்களோடு காத்திருந்தான். அதில் ஒருவன் பந்தயக்காரன் ஒருவனிடம் வேலை செய்கிறவன். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பின்னால எறக்கம் அளவெடுத்த மாதிரி இருக்குது. யாரு செஞ்சது?" என்று கேட்டான். அருள்நாதன் பட்டுச் சேலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பொழுது சாய்ந்ததும் வண்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ரோசம்மாவும் அவள் அப்பாவும் சீட்டைக் கழற்றினார்கள். மறுநாள் காலையில் அதே ஆள் வந்து பார்த்து, "என்னாங்க, இன்னிக்கிப் பின்னால தூக்குதே?" என்றான்.

பந்தியில் வெள்ளை வெளேரென்று சோறு போட்டார்கள். ஆறின பிறகும் மல்லிகைப் பூ மாதிரி இருந்தது. இந்தப் பஞ்சத்தில் வியாகுலம் எங்கிருந்து பிடித்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். அருள்நாதனும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பிய வாரமே பச்சியப்பன் பட்டறைக்குப் போனார். பழைய ஸ்பிரிங்குகளை அவன் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருந்தான். சேலத்திலிருந்து புதிதாக வரவழைத்தார். வண்டி மறுபடி எழுந்து நின்றது. "இது பாதியில நிறுத்தாதது," என்று சந்தோஷப்பட்டான் பச்சியப்பன். கடைவீதியில் பார்த்தவர்கள் எல்லாம், "அப்பாடா, ஸ்பிரிங் மாத்திட்டீங்களா?" என்று நிம்மதிப்பட்டார்கள். மோட்டார்கள் பஸ் மேலிருந்து இறங்கித் திரும்ப டிக்கிக்கு வந்தன.

முதல் நாள் செக்போஸ்ட்டில் மூங்கில் உயரவில்லை. ஏட்டு முனியப்பன் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார். இப்போது நன்றாக வெளிச்சம் தெரிந்தது.

"ஏத்திட்டீங்களா, மொதலாளி?"

"ஏத்திட்டேங்க."

"ஸ்பிரிங் புத்தம் புதுசா இருக்குது ஏட்டய்யா," என்றான் புதுப் போலீஸ்காரன் எட்டிப் பார்த்து. "லோடு ஏத்தறவனுங்கதான் வண்டி தாழக் கூடாதுன்னு புதுசு போடுவானுங்க."

ஏட்டு இந்தத் தரம் அவனை முறைக்கவில்லை. அருள்நாதன் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்: "கோவிச்சிக்காதீங்க. இப்ப எல்லார் வண்டி மாதிரியும் ஆயிடுச்சி. பாக்காம வுட முடியாது. பாத்துட்டா நம்ம ரெண்டு பேருக்குமே நிம்மதி." பிறகு குரலை உயர்த்தி, "சீட்ட எடுங்கடா," என்றார்.

அவர்கள் எடுத்தார்கள். கதவுத் தகட்டைக் கழற்றினார்கள். கம்பியை விட்டுக் குத்தினார்கள். டிக்கியில் இருந்த மோட்டாரின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். புதுப் போலீஸ்காரன் ஒரு தடங்கலும் இல்லாமல் வண்டிக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தான். எல்லாம் முடிந்து அருள்நாதன் சேலம் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் கட்டும் கடையைப் பூட்டிவிட்டிருந்தார்கள்.

ரோசம்மா அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்கப் பஸ்ஸில்தான் போனாள். பஸ்ஸையும் அங்கே நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஏட்டு ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வருவாராம். அவள் மடியில் ஒரு கூடை இருக்கும், மேலே வெற்றிலை போட்டு மூடியிருக்கும். அவளைப் பார்த்ததும், "அம்மா சௌக்கியங்களா? மொதலாளி நல்லா இருக்காருங்களா?" என்று விசாரித்துவிட்டு, கூடையைத் தாண்டி அடுத்த சீட்டுக்குப் போய்விடுவாராம். இதை ரோசம்மா வீட்டில் வந்து சொன்னாள். கூடையில் என்ன இருந்தது என்று அருள்நாதன் கேட்கவில்லை.